முகவீணை கேட்ட இரவு

(விவேக் நகரில், நமது சங்கத்தின் பொங்கல் விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

யாம் மேடைப் பேச்சில் பழகியவர் அல்லோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, தந்தையார் மறைவுக்குப் பின்னர் ரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, இருபதாண்டுகளுக்கு மேலாகப் பார்சல் அலுவலகத்தில் எடையும் கட்டணமும் எழுதி வருகின்றோம். இசை இலக்கணம் முறையாகப் பயின்றோமும் அல்லோம். ஆயினும் இன்று ஒரு இசைக் கருவியைப் பற்றிப் பேசத் துணிந்தோம். அதற்குக் காரணம் இதோ இந்த மேசைமீது இருக்கிறது.

சற்று முன்னர்ச் சிறுவர் சிலர் இதைச் சூழ்ந்துகொண்டு, "மாமா, இது திருவிழாவில் விற்கும் பீப்பியா?" என்று கேட்டனர். பெரியவர் ஒருவர், "நாகசுரம் குட்டி போட்டிருக்கிறதா?" என்று நகைத்தார். இரண்டும் முற்றிலும் பிழையல்ல. இதன் பெயர் முகவீணை. வீணை என்று பெயரே தவிர இதில் நரம்பும் இல்லை, குடமும் இல்லை. முகம் என்னும் வடசொல்லுக்கு வாய் என்றும் பொருள் உண்டு. வாயினால் இசைக்கும் வீணை என்று முன்னோர் பெயரிட்டனர் போலும்.

நம் விவேக் நகரில் ஊதுகருவிகளுக்குப் பஞ்சமில்லை. தை மாதம் பிறந்தால் குழந்தை இயேசு ஆலயத் திருவிழாவில் பேண்டு முழங்குகிறது. ஆடி மாதத்தில் அம்மன் கோயில்களில் நாகசுரமும் தவிலும் ஒலிக்கின்றன. எம் பிழைப்போ வண்டியின் ஊதலோடு விடிந்து ஊதலோடு முடிகிறது. இத்தனை ஒலிகளுக்கிடையே யாம் முப்பதாண்டுகளாகக் கேளாதிருந்த ஓர் ஒலியைச் சென்ற ஆண்டு ஓரிரவு கேட்டோம். அதைச் சொல்லுமுன், இக்கருவி யாதென்று சிறிது கூறிவிடுகின்றோம்.

நாகசுரத்தை நீங்கள் அனைவரும் கண்டிருக்கிறீர்கள். இன்று பெரும்பாலும் வாசிக்கப்படும் பாரி நாகசுரம் இரண்டரை அடிக்கும் மேற்பட்ட நீளமுடையது. முகவீணையோ ஒரு முழத்துக்கும் குறைவு. அமைப்பு இரண்டுக்கும் ஒன்றே. மேலே சீவாளி, அதன்கீழ்க் கெண்டை என்னும் சிறு உலோகக் குழாய், பின்னர் மேலே குறுகிக் கீழே விரிந்து செல்லும் மர உடல், அடியில் அணசு. சீவாளியின் இரண்டு இதழ்களும் மூச்சுப் பட்டதும் ஒன்றோடொன்று அடித்துத் துடிக்கின்றன. அத்துடிப்பே குழலுக்குள் நாதமாகிறது. குழல் குறுகக் குறுகச் சுருதி உயரும். ஆதலின் நாகசுரம் பேரூர்க் கோபுரம்போல் நிறைந்து நின்று ஒலிக்க, முகவீணை கூர்மையாக உயரத்தில் ஒலிக்கிறது. ஐரோப்பியர் போற்றும் ஓபோவும், வடநாட்டார் போற்றும் செனாயும் இந்த இரட்டை நாக்குக் குடும்பத்தைச் சேர்ந்தனவே.

பண்டு கோயில் இசையைப் பெரிய மேளம், சின்ன மேளம் என இரண்டாகப் பகுத்து வழங்கினர். நாகசுரமும் தவிலும் பெரிய மேளம். ஆடல் மகளிரின் சதிருக்கு இசைப்பது சின்ன மேளம். அச்சின்ன மேளத்தின் ஊதுகருவி இம்முகவீணையே. ஆட்டுத் தோலால் ஆன துத்தி ஒருபுறம் விடாது சுருதி கூட்ட, மத்தளமும் தாளமும் உடன்வர, முகவீணைக்காரர் நின்றபடியே ஆடுபவர் பின்னே நகர்ந்து நகர்ந்து வாசிப்பார். ஆடுபவர்க்கு அருகே ஊதுபவர் நிற்கும் முறை நமக்குப் புதியதன்று. மாதவியின் அரங்கேற்றத்தைப் பாடிய இளங்கோவடிகள், ஆடலாசிரியனுக்கும் இசையாசிரியனுக்கும் இலக்கணம் கூறியதுபோலவே குழலோனுக்கும் தனியே இலக்கணம் கூறியிருக்கிறார்.

தஞ்சை நால்வர் எனப் புகழ்பெற்ற சின்னையா, பொன்னையா, சிவானந்தம், வடிவேலு ஆகியோர் முத்துசுவாமி தீட்சிதரின் மாணாக்கர்; சதிர் ஆடலுக்கு இன்றுள்ள நிகழ்ச்சி வரிசையை அமைத்தவர்கள். அவருள் மூத்தவரான சின்னையா மைசூர் அரசவைக்கு வந்து பணியாற்றினார். ஆகவே நம் ஆடற்கலை இக்கன்னட நாட்டிற்கு வந்து ஏறக்குறைய இருநூறு ஆண்டுகள் ஆகின்றன. பிழைப்புத் தேடி வந்த நமக்கு முன்னே நம் கலை இங்கு வந்து குடியேறிவிட்டது.

பின்னர்க் காலம் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் பேண்டிலிருந்து கிளாரினெட் வந்து முகவீணையின் இடத்தைப் பிடித்தது. 1930களில் சதிர் பரதநாட்டியம் என்னும் பெயருடன் சபா மேடை ஏறியபோது, ருக்மிணி தேவியாரின் கலாக்ஷேத்திரம் போன்ற இடங்களில் கிளாரினெட்டும் விலகிப் புல்லாங்குழல் அமர்ந்தது. பொட்டுக்கட்டும் வழக்கத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1947இல் நிறைவேறியது. அவ்வழக்கம் ஒழிந்தது நன்றே. ஆனால் அதைச் சார்ந்து வாழ்ந்த இசைக்காரர்களுக்கு மாற்று வழி ஒன்றும் எவரும் வகுக்கவில்லை. திருவாரூர்த் தியாகராசர் கோயில் போன்ற ஒருசில இடங்களில் பஞ்சமுக வாத்தியம், கொடுகொட்டி முதலிய அரிய கருவிகளோடு முகவீணையும் மரபாகப் போற்றப்பட்டது. மற்றபடி அரண்மனையும் கோயிலும் சபாவும் முகவீணையை மறந்தன.

மறக்காத இடம் ஒன்று உண்டு. அது தெருக்கூத்து.

பழைய வடாற்காட்டுப் பக்கத்திலிருந்து வந்த குடும்பங்கள் நம் காலனியில் பல. அவர்களுக்கு யாம் விளக்க வேண்டியதில்லை. திரௌபதி அம்மன் திருவிழாவில் பகலெல்லாம் பாரதம் படித்து, இரவெல்லாம் கூத்து ஆடுவார்கள். கிரீடமும் புஜக்கட்டையும் மார்புப் பதக்கமும் அணிந்த அரசர்கள் திரைக்குப் பின்னே நின்று குரல் கொடுப்பார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில், அறுவடை முடிந்த வயல்வெளியில், கடைசி வரிசையில் துப்பட்டி போர்த்திக் கிடக்கும் கிழவிக்கும் கேட்கும்படி இராகத்தைக் கொண்டு சேர்க்க வல்லது எது? புல்லாங்குழலால் ஆகாது. இந்தச் சிறு முகவீணையால் ஆகும். சபா மேடையில் எந்தக் கூர்மை குறையாகக் கருதப்பட்டதோ, அதே கூர்மைக்காகக் கிராமம் இதனைத் தன்னிடம் வைத்துக்கொண்டது.

அன்பர்களே, இனிக் கூறப்போவது எம் சொந்தக் கதை. இத்தனை நாளும் இக்காலனியில் எவரிடமும் கூறாதது.

செய்யாற்றுக்கு அருகிலுள்ள எம் சிற்றூரில் எம் தாய்மாமன் கூத்துச் சபையில் முகவீணைக்காரர். எம் இளமையில் அவர் மடியருகே அமர்ந்து விடிய விடியக் கேட்டிருக்கிறோம், தூங்கியும் இருக்கிறோம். பின்னர் நகரத்துக்கு வந்தோம். அரசாங்க உத்தியோகம் வந்தது. அதனோடு ஒரு வெட்கமும் வந்தது. 2013ஆம் ஆண்டு எம் மகளின் காதணி விழாவுக்கு மாமன் விவேக் நகருக்கு வந்தார். தோளில் ஒரு துணிப்பை. காது குத்தும்போது குழந்தைக்காக வாசிக்க வேண்டுமென்று முகவீணையை உடன் கொணர்ந்திருந்தார். விருந்துக்கு வந்த அண்டை வீட்டு அன்பர் ஒருவர், "மாமா ஊரில் என்ன செய்கிறார்?" என்று எம்மைக் கேட்டார். யாம் "விவசாயம்" என்றோம். மாமன் அருகில்தான் நின்றார். எம்மை ஒருமுறை பார்த்தார்; ஒன்றும் கூறவில்லை. பையை அவிழ்க்கவும் இல்லை. காதணி விழா ஒலிநாடாப் பாட்டோடு முடிந்தது. மறுநாட் காலையில் புறப்படும்போது எம் அன்னையிடம் அப்பையைக் கொடுத்து, "அக்கா, இது உன்னிடமே இருக்கட்டும்" என்று மட்டும் சொன்னார். இரண்டாண்டுகள் கழித்து அவர் காலமானார்.

இன்னொன்றும் கூறிவிட வேண்டும். மூன்றாண்டுகளுக்கு முன்னர் நம் ஆண்டு விழாவுக்கு என்ன நிகழ்ச்சி வைப்பதென்று கூடிப் பேசியபோது, அன்பர் ஒருவர் கூத்து வைக்கலாம் என்றார். "படிக்கிற பிள்ளைகள் இருக்கும் இடத்தில் கூத்தாடிகளா?" என்று ஒரு குரல் எழுந்தது. அப்பேச்சு அத்தோடு முடிந்தது. அக்குரலுக்கு உரியவர் மீது எமக்குக் குறையில்லை. அவர் அறியாமல் கூறினார். அறிந்திருந்தும் வாய்மூடி இருந்தவர் யாமே.

இனி அந்த இரவைப் பற்றி.

எம் அலுவலகத்தில் உடன் பணிபுரியும் கன்னட நண்பர் தும்கூர் மாவட்டத்துக்காரர். சென்ற ஆண்டு மாசி மாதத்தில், "அண்ணா, எங்கள் ஊர்த் திருவிழாவில் மூடலபாய ஆட்டம் நடக்கிறது, ஒரு நாள் வாருங்கள்" என்று அழைத்தார். மூடல என்றால் கன்னடத்தில் கிழக்கு. கரையோரத்து யட்சகானத்தை நாம் படங்களிலேனும் கண்டிருப்போம். பழைய மைசூர்ப் பகுதியில், தும்கூர், மண்டியா, ஹாசன் முதலிய மாவட்டங்களில் உழவர்களே பயின்று ஆடும் கீழைப்பாங்கு யட்சகானமே மூடலபாயம். நண்பர் மனம் கோணக்கூடாதே என்று சென்றோம். ஒரு மணி நேரம் இருந்துவிட்டு இரவு வண்டியில் திரும்புவதாகத் திட்டம்.

ஊர்ப் பொதுவிடத்தில் பந்தல். கிரீடமும் தோளணியும் பூண்ட அரசர்கள். பின்னே பாகவதரும் துணைப்பாடகர்களும். கர்ணன் கதை என்று நண்பர் கூறினார். எமக்குக் கன்னடம் அலுவலகக் கன்னடமே. செய்யுட் கன்னடம் விளங்காது. வேற்றூர்த் திருவிழா என்று ஒதுங்கி அமர்ந்திருந்தோம். அப்பொழுது மத்தளத்தின் பக்கத்திலிருந்து அந்த ஒலி எழுந்தது.

ஏரியின் அக்கரையில் நிற்கும் தாயைக் குழந்தை கூவி அழைப்பதுபோன்ற ஒலி. முதலில் காதைக் குத்தியது. கால்மணி நேரத்தில் காது அதற்கு இசைந்தது. பாடுபவரின் குரலை அது அரை அடி பின்னே தொடர்ந்தது. பாட்டின் அடி முடிந்ததும் கடைசிச் சொல்லைத் தான் வாங்கிக்கொண்டு நீட்டியது. அந்த இடைவெளியில் வேடக்காரர் மூச்சு வாங்கிக்கொண்டார். ஊதியவர் எழுபதை நெருங்கிய முதியவர். கன்னங்கள் புடைத்திருக்க, மூக்கால் மூச்சை இழுத்துக்கொண்டே, வாயில் தேக்கிய காற்றால் ஒலி அறாது காத்தார். விரல்கள் துளைகளைத் திறந்து மூடுவது மட்டுமன்று. பாதி மூடியும் கால் மூடியும் சுரத்தை அசைத்தன. கர்ணன் தேர்க்காலருகே சாய்ந்தபோது பாட்டு நின்றது. மத்தளம் நின்றது. முகவீணை மட்டும் நிற்கவில்லை. அந்த இராகத்தின் பெயரை எம்மால் கூற இயலாது. ஆனால் எம் ஊர்க் களத்தில், அதே கர்ணனுக்காக, எம் மாமன் வாசித்த அழுகை அதுவே. கண்ணை மூடினோம், மொழி வேறு என்பது மறந்தது. இரவு வண்டியும் போய்விட்டது.

நள்ளிரவுக்குப் பின்னர் ஆட்டத்தில் சிறிது இடைவேளை. நண்பர் எம்மை அம்முதியவரிடம் அழைத்துச் சென்று, "இவர் தமிழர், கேட்க வந்திருக்கிறார்" என்றார். முதியவர் தேநீர்க் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "உங்கள் நாட்டில் இது உண்டா?" என்று வினவினார். "உண்டு. எம் தாய்மாமன் முகவீணைக்காரர்" என்றோம். அச்சொல்லைப் பிறரிடம் யாம் கூறியது அதுவே முதல் முறை. அயலூரில், அயல்மொழியில், யாரென்றறியாத ஒருவரிடம் கூற முடிந்தது. முதியவர் தாம் அமர்ந்திருந்த பாயில் நகர்ந்து இடம் கொடுத்தார். "அப்படியானால் நீங்கள் நிற்கக்கூடாது; இங்கே உட்காருங்கள்" என்றார். விடியும்வரை அவர் அருகிலேயே அமர்ந்திருந்தோம்.

விடிந்தபின்னர் அவரிடம், "உங்களுக்குப் பின்னே யார் வாசிப்பார்?" என்று கேட்டோம். தம் மகன் பெங்களூரில் ஆட்டோ ஓட்டுவதாகக் கூறினார். "ஆண்டுக்குப் பத்து இரவு அழைக்கிறார்கள். பல குழுக்களில் ஆர்மோனியத்தோடு முடித்துக்கொள்கிறார்கள். பத்து இரவுக்காக எந்தப் பிள்ளை பத்தாண்டு பயில்வான்?" என்றார். மனக்கசப்போடு அன்று, நாம் பார்சல் எடை கூறுவதுபோலக் கூறினார். புறப்படும்போது தம் பையிலிருந்து ஒரு சீவாளியை எடுத்து எம் கையில் வைத்தார்.

வீடு திரும்பியதும் அன்னையின் இரும்புப் பெட்டியைத் திறந்தோம். மாமனின் பை இருந்தது. மரம் காய்ந்து வெளுத்திருந்தது, பிளக்கவில்லை. சீவாளி மட்டும் உதிர்ந்துபோயிருந்தது. முதியவர் தந்த சீவாளி கெண்டையில் தளர்வாக நின்றது. நூல் சுற்றிப் பொருத்தினோம். எண்ணெய் தடவினோம். பின்னர் ஊதினோம். வந்தது இசையன்று, வண்டியின் ஊதல்கூட அதனினும் இனிது! ஆனால் அடுக்களையிலிருந்த எம் அன்னையார் கையிலிருந்ததை அப்படியே வைத்துவிட்டு வாயிற்படியில் வந்து நின்றார். "தம்பி வந்துட்டானா?" என்றார். அவருக்கு வயது எழுபத்தைந்து. நினைவு நன்றாகவே இருக்கிறது. தெரிந்தேதான் கேட்டார்.

அன்பர்களே! தமிழிசை தொன்மையானது என்று மேடையில் முழங்குவது எளிது. யாமும் முழங்கியிருக்கிறோம். ஆனால் கருவி தொன்மையால் வாழ்வதில்லை, அழைப்பதால் வாழ்கிறது. செனாயைப் பாருங்கள். திருமண வாயிலில் ஊதிய அக்கருவியை உஸ்தாத் பிஸ்மில்லா கான் அரங்கின் நடுவே கொண்டுவந்து அமர்த்தினார். நாடு விடுதலை பெற்ற 1947இல் அவர் வாசிப்பு செங்கோட்டையில் ஒலித்தது; 2001இல் அவருக்குப் பாரத ரத்னா விருது வழங்கப்பெற்றது. நாகசுரத்துக்கு டி. என். இராஜரத்தினம் பிள்ளை வாய்த்தார். முகவீணைக்கு அப்படி ஒருவர் வாய்க்கவில்லை. பேர்பெற்ற ஒருவர் வாய்க்காத கருவிக்குப் பேரில்லாத பலர்தாம் துணை நிற்க வேண்டும். அப்பலருள் நாமும் ஏன் இருக்கலாகாது?

முயன்றோர் இல்லாமல் இல்லை. புரிசை கண்ணப்பத் தம்பிரான் தெருக்கூத்தை நகரத்து அறிஞர்களும் மதிக்கச் செய்தார். காஞ்சிபுரத்தில் கூத்துக் கலைஞர்களே ஒன்றுகூடி 1990இல் கட்டைக்கூத்துச் சங்கம் அமைத்தனர். அச்சங்கத்தின் குருகுலத்தில் பள்ளிப் படிப்போடு கூத்தும் கற்பிக்கப்பட்டது. ஆண்பிள்ளைகளே பயின்றுவந்த அக்கலையைப் பெண்பிள்ளைகளும் அங்குப் பயின்றனர். இக்கன்னட நாட்டில் எச். எல். நாகே கவுடர் நாட்டார் கலைகளுக்கென்று இராமநகரத்துக்கு அருகே ஜானபத லோகம் என்னும் காட்சியகத்தையே உருவாக்கினார். மைசூர் செல்லும் வழியில் நம் பிள்ளைகளை ஒருநாள் அங்கு அழைத்துச் செல்லலாம்.

எம் வேண்டுகோள் பெரிதன்று. அடுத்த ஆண்டு விழாவில் ஓரிரவு கூத்து வைப்போம். முகவீணை உள்ள சபையாகவே பார்த்து அழைப்போம். ஆர்மோனியம் போதுமென்று கூறினால், முகவீணைக்காரருக்கும் சேர்த்தே ஊதியம் தருகிறோம் என்று எழுதுவோம். அதே மேடையில் தும்கூர் முதியவருக்கு அரைமணி நேரம் ஒதுக்குவோம். இரு மொழிக்காரரும் அடுத்தடுத்து அமர்ந்து ஒரே கருவியை வாசிக்கக் கேட்டால், அக்கம்பக்கத்துக் கன்னட அன்பர்களும் நம் விழாவைத் தம் விழாவாகக் கருதுவர். வழிச்செலவும் உணவும் படுக்கையும் பிற கலைஞர்க்கு அளிப்பதுபோலவே அளிக்கப்பட வேண்டும். அழைப்பிதழில் "குழுவினர்" என்று முடிக்காமல் அவர்தம் பெயர்களை அச்சிட வேண்டும். முதல் செலவுக்கு எம் ஒரு மாத ஊதியத்தில் பாதியைச் செயலாளரிடம் இன்றே ஒப்படைக்கின்றோம்.

இறுதியாக ஒன்று. அன்று காதணி விழாவில் எம்மைக் கேட்ட அண்டை வீட்டு அன்பர் இப்பொழுது இரண்டாவது வரிசையில் அமர்ந்திருக்கிறார். ஐயா, பல ஆண்டுகளுக்கு முன் நீங்கள் கேட்ட கேள்விக்கு அன்று தவறான விடை கூறிவிட்டோம். எம் மாமன் முகவீணை வாசித்தார். நன்றாக வாசித்தார்.

சிறுவர்கள் கூட்டம் முடிந்ததும் வந்து இதைத் தொட்டுப் பார்க்கலாம், ஊதியும் பார்க்கலாம். சீவாளியைப் பல்லால் கடிக்காதீர்கள். இருப்பது ஒன்றே.

வாழ்க தமிழ்! வாழ்க கன்னடம்! வளர்க கலைகள்!